இடது கால் இரும்பு

"திருடன் யாருன்னு எனக்குத் தெரியும்," என்றார் கிளப் தலைவர் கவூஷா. "நிரூபிக்கத்தான் ஆள் இல்ல. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

துப்பறிவாளர் ஆல்தோனா எலுமிச்சைத் துண்டு மிதந்த தேநீரை ஊதி ஒரு வாய் குடித்தாள். இப்படி ஆரம்பிக்கிற கட்சிக்காரர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

"பாதி வேலை முடிஞ்சுது பாஸ்," என்றான் அவளுடைய உதவியாளன் தோபியாஷ். "மீதிப் பாதிக்கு ஃபீஸ்ல தள்ளுபடி கேப்பாரு, பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டை மாமியார் வீட்டு மேசையிலேயே விட்டுவிட்டு வந்தவன் அவன். கோழி சூப்பின் மணம் இன்னும் மூக்கில் நின்றது. கையில் அதற்கு ஈடாக, ஸ்டேடியம் வாசலில் வாங்கிய நீள ரொட்டி. காளானும் பாலாடைக்கட்டியும் பரப்பிச் சுட்டது. தலைவர் பேசி முடித்ததும் கடிக்கலாம் என்று வைத்திருந்தான். தலைவர் முடிப்பதாக இல்லை.

காணாமல் போனது ஒரு இரும்பு. காலில் மாட்டுகிற இரும்பு, அதுவும் இடது காலுக்கு மட்டும். வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஓல்ஷினெக் ஊரில் அன்று யாரும் சிரிக்கவில்லை. பிரேக் இல்லாத பைக்கில் நாலு பேர் நாலு சுற்றுச் சுற்றுகிற ஸ்பீட்வே பந்தயத்தில் வளைவெல்லாம் இடப்பக்கம்தான். ஒவ்வொரு வளைவிலும் பைக்கைச் சாய்த்து, பின் சக்கரத்தை வழுக்கவிட்டு, இடது காலை மண்ணில் தேய்த்துக்கொண்டே திரும்ப வேண்டும். பூட்ஸின் அடியில் இரும்பு மாட்டாமல் தேய்த்தால் முதலில் பூட்ஸ் போகும், அப்புறம் கால் போகும்.

அந்த இரும்பு செவெரின் துஜாக்குடையது. ஆறு முறை நாட்டின் சாம்பியன். ஊர் நடுவில் ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் பக்கச் சுவர் முழுக்க அவர் முகத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். மூக்கு இரண்டாவது மாடியில் ஒரு ஜன்னலை மறைத்துவிட்டது, அந்த வீட்டுக்காரர் ஒரு நாளும் புகார் சொன்னதில்லை. இன்று மாலை லீக் இறுதிப் போட்டி, அதுவும் சொந்த ஊரில். காலையில் இரும்பைக் காணோம் என்றதும், அது இல்லாமல் ஓட்ட மாட்டேன் என்று செவெரின் சொல்லிவிட்டார். வேறொன்றை மாட்டிக்கொள் என்று சொல்ல ஒருத்தருக்கும் நாக்கு எழவில்லை. ராசி என்றால் ராசிதான். தலைவரே இறுதிப் போட்டி நாளில் தலை சீவுவதில்லை. அவர் தலைமுடி அதை உறுதிப்படுத்தியது.

"பட்டறைப் பூட்டு உடையல," என்றார் தலைவர். "சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு செவெரின்கிட்ட, ஒண்ணு மெக்கானிக் பொகுஷ்கிட்ட. செவெரின் தன் பொருளைத் தானே திருடுவாரா? அடுத்த சீசனுக்கு டென்மார்க்கிலிருந்து புது மெக்கானிக் வர்றாருன்னு ஊரெல்லாம் பேச்சு. பொகுஷுக்கு வயித்தெரிச்சல். அவ்வளவுதான் கதை."

"எல்லார் பையையும் பார்த்தீங்களா?"

"ஒண்ணு விடல. என் பையைக்கூடப் பார்க்கச் சொன்னேன்." தலைவர் எழுந்தார். "அணிவகுப்பு ஆரம்பிக்கிறதுக்குள்ள இரும்பு வந்தாகணும். வரலைன்னா போலீஸ் வரும். அப்புறம் பொகுஷ் இந்த நாட்டுல எந்த ஸ்டேடியத்துலயும் ஸ்பேனரைத் தொட முடியாது. அதுக்கு நான் பொறுப்பு."

தோபியாஷ் ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோனான். ஆல்தோனா அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

*

பந்தயப் பாதையைப் பராமரிக்கிறவர் மிரோன். அவருடைய துக்கம் வேறு மாதிரி இருந்தது. இரும்பு போனது அவருக்குப் பொருட்டில்லை. அவர் பாதையில் யாரோ நடந்துவிட்டார்கள்.

சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் மண்ணைக் கிளறி, தண்ணீர் தெளித்து, டிராக்டரால் இழுத்துச் சமப்படுத்தி, முன் கேட்டைப் பூட்டிவிட்டு மாலைப் பூசைக்குப் போனாராம். பொகுஷின் வேன் அதற்கு முன்பே வெளியே போனதைப் பார்த்தாராம். பூசை முடிந்து வந்து பார்த்தால் பின் கேட்டின் தாழ்ப்பாள் உள்ளிருந்து திறந்து கிடக்கிறது, பாதை முழுக்கக் காலடி. குளியலறையில் யாராவது தங்கியிருந்தார்களா என்று கேட்டதற்கு, தான் மண்ணைப் பார்க்கிறவன், குளிக்கிறவர்களை எண்ணுகிறவன் இல்லை என்றார்.

"மேல படாம ஓரமா வாங்க," என்று அழைத்துப் போனார். "நடுவர் பார்த்துட்டுப் போகட்டும்னு அப்படியே வெச்சிருக்கேன். திருடன்தான். ஆனா மரியாதை தெரிஞ்ச திருடன்."

"எப்படிச் சொல்றீங்க?" என்றாள் ஆல்தோனா.

மிரோன் காட்டினார். வண்டிகள் நிற்கும் முற்றத்திலிருந்து பாதைக்குள் நுழைந்தால் பின் கேட் கல்லெறி தூரத்தில்தான். ஆனால் அதற்குப் பந்தயத் திசைக்கு எதிராக நடக்க வேண்டும். காலடிகள் அந்தப் பக்கமே போகவில்லை. பைக்குகள் ஓடும் திசையில் புறப்பட்டு, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, பின் கேட்டை மறுபுறத்திலிருந்து அடைந்திருந்தன.

இந்த ஸ்டேடியத்தில் பாதையில் எதிர்த்திசையில் யாரும் நடப்பதில்லை. சீசன் தொடக்கத்தில் தீர்த்தம் தெளிக்க வரும் பாதிரியார்கூட ஓட்டத் திசையில்தான் சுற்றுவார். ஒரு வருஷம் விளக்கு மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் குறுக்கு வழியென்று எதிர்த்திசையில் நடந்துவிட்டான். அந்தச் சீசனில் அணியில் மூன்று பேருக்குத் தோள் எலும்பு முறிந்தது. அவன் இப்போது வேறு ஊரில் விளக்கு மாட்டுகிறான்.

"திருட வந்த இடத்துலயும் சுத்திப் போயிருக்கான்," என்றான் தோபியாஷ். "உள் ஆள்தான் பாஸ். வெளியாளா இருந்தா இந்நேரம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பான்."

ஆல்தோனா குனிந்து பார்த்தாள். வலது காலடியில் பூட்ஸின் கட்டம் கட்டமான அடி தெளிவாகப் பதிந்திருந்தது. இடது காலடியில் கட்டம் இல்லை. வழவழவென்று ஒரு பள்ளம், அதன் முன்பக்கத்தில் மூன்று கோடு.

மிரோன் தொப்பியைக் கழற்றினார். அந்த மூன்று கோடு பொகுஷ் வைக்கும் வெல்டிங். இரும்பு சீக்கிரம் தேயாமல் இருக்க செவெரினுக்கு மட்டும் அப்படி வைப்பார்.

"ஆக, இரும்பைப் பையில போட்டு எடுத்துட்டுப் போகல," என்றாள் ஆல்தோனா. "கால்ல மாட்டிக்கிட்டுப் போயிருக்காங்க."

தோபியாஷ் இதை மனசுக்குள் மெச்சிக்கொண்டான். இரும்பைக் கையில் எடுத்துப் போகிறவனை எங்கே எடுத்துப் போகிறாய் என்று யாராவது கேட்பார்கள். ஒற்றைக் காலில் இரும்போடு டக் டக்கென்று நடக்கிறவனை ஸ்பீட்வே ஸ்டேடியத்தில் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

"அளவெடு," என்றாள் ஆல்தோனா.

"டேப் ஆபீஸ்ல இருக்கு பாஸ்."

அவள் அவன் கையைப் பார்த்தாள். அவனும் தன் கையைப் பார்த்தான். பிறகு பெருமூச்சு விட்டபடி மண்டியிட்டு, ரொட்டியை வலது காலடிக்கு மேல் பிடித்தான். அச்சாக அதே நீளம். இடது காலடிக்கு மேல் பிடித்தபோது ரொட்டி இரண்டு விரல் நீண்டு நின்றது. மறுபடி பிடித்துப் பார்த்தான். அப்போதும் அப்படித்தான்.

"வலது பெருசு, இடது சின்னது. தள்ளுபடியில ஜோடி மாறி வாங்கிட்டான் போல."

"இடது அளவைக் குறிச்சுக்கோ."

பேனாவால் ரொட்டியில் குறிக்க முடியாது. தோபியாஷ் மிச்சத்தைக் கடித்துத் தின்று இடது காலடியின் அளவுக்கு ரொட்டியைக் கொண்டுவந்தான். அன்று அவனுக்குக் கிடைத்த மதியச் சாப்பாடு அந்த இரண்டு விரல்தான்.

"மீதியைத் தின்னாதே," என்றாள் ஆல்தோனா. "அது சாட்சி."

காலடியைத் தொடர்ந்து ஓரமாக நடந்தார்கள். போனவன் குறுகிய வழியில் போகவில்லை. வளைவுகளில் வெளிப்பக்கம் அகன்று, நேர்ப்பாதையில் மறுபடி உள்ளே வந்திருந்தான். பிடி கிடைக்கிற மண் அங்கேதான் என்றார் மிரோன். முதல் வளைவு தொடங்குகிற இடத்தில் மட்டும் காலடி நின்றிருந்தது. இரண்டு காலும் பக்கத்தில் பக்கத்தில், மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாக. அங்கே ரொம்ப நேரம் நின்றிருக்கிறான்.

"ஜெபம் பண்ணியிருப்பான்," என்றான் தோபியாஷ்.

ஆல்தோனா சிரிக்கவில்லை. அந்த இரண்டு பள்ளத்தையும் பார்த்தபடி அவளும் கொஞ்ச நேரம் நின்றாள்.

*

பொகுஷ் பட்டறையில் செவெரினின் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்ட ஆளின் பைக் அது. ஏற்கெனவே துடைத்து முடித்த பைக்தான். பந்தய எஞ்சினுக்கு ஊற்றும் விளக்கெண்ணெய் எரிந்த வாசனை சுவரெல்லாம் ஏறியிருந்தது. ஆளுக்குத் தோள் அகலம், கை அகலம், கால் அதைவிட அகலம். தோபியாஷ் அந்தக் காலைப் பார்த்தான், கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தான். கட்டைவிரலுக்கே பத்தாது.

பாதையில் இருக்கும் காலடி உங்களுடையது இல்லை, அதைத் தலைவரிடம் சொல்லியாகிவிட்டது என்றாள் ஆல்தோனா. தலைவர் என்ன சொன்னார் என்று பொகுஷ் கேட்டார். நுனிக்காலில் நடந்திருப்பான் என்றார் தலைவர் என்று தோபியாஷ் சொன்னான். பொகுஷ் தலையாட்டிவிட்டு மறுபடி துடைத்தார்.

"டென்மார்க் மெக்கானிக் விஷயம் உண்மையா?" என்றாள் ஆல்தோனா.

"செவெக் சொன்னா உண்மை. அவன் இன்னும் சொல்லல." செவெரினை அவர் அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவார்.

"உங்க சாவி எங்க?"

பொகுஷ் சட்டைக்குள் கைவிட்டுக் கழுத்துக் கயிற்றை இழுத்துக் காட்டினார். சாவியும் ஒரு சின்னச் சிலுவையும் சேர்ந்து தொங்கின.

"இன்னொரு சாவி?"

துணி நின்றது. பிறகு மறுபடி அசைந்தது.

"அதை நீங்க என்னைக் கேக்காம இருந்தா நல்லது மேடம்."

"போலீஸ் கேக்கும்."

"கேக்கட்டும். எனக்குக் காது கொஞ்சம் மந்தம். எஞ்சின் சத்தத்துல போயிருச்சு."

வெளியே வந்ததும் தோபியாஷ், இந்த ஆள் எதையோ மறைக்கிறார், பந்தயம் கட்டலாம் என்றான். ஆல்தோனா, மறைக்கிறார்தான் என்றாள். யாருடையதை என்பதுதான் கேள்வி என்றும் சொன்னாள். அப்போது அவனுக்கு அது விளங்கவில்லை.

*

கிளப் கட்டடத்தின் நடைவழியில் ஒரு நீளப் பலகை இருக்கிறது. செவெரின் பட்டம் வென்ற ஒவ்வொரு வருஷமும், அந்த வருஷத்து இரும்பை அதில் ஆணியடித்து மாட்டி, மேலே ஒரு படமும் வைத்துவிடுவார்கள். இரும்பில் ஆணி இறங்கினால் அதற்குப் பிறகு யார் காலிலும் ஏறக் கூடாது. ஆறு இரும்பு, ஆறு படம்.

முதல் படத்தில் காது மட்டும் பெரிதாக இருக்கும் இளைஞன், சாம்பியன் என்பதைத் தானே நம்பாத முகம். இரண்டாவதில் முன்பல் இல்லை. மூன்றாவதில் பல் வந்துவிட்டது, மீசையும் வந்திருந்தது, அது வராமலே இருந்திருக்கலாம். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே ஒரு வெற்றிடம். அந்த வருஷம் டென்மார்க்கில் ஒரு மழை நாளில் செவெரின் விழுந்தார், பின்னால் வந்த பைக் அவர் இடது காலின் மேல் ஏறிப் போனது. ஆஸ்பத்திரியில் விரல்களை எடுத்தார்கள். செவெரின் முடிந்தார் என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியது. அடுத்த வருஷம் அவர் வந்து அதே டென்மார்க்கில் ஒரு பந்தயம் ஜெயித்தார், இங்கே பட்டத்தையும் ஜெயித்தார். நான்கு, ஐந்து, ஆறு. ஊர் சுவரில் முகம் ஏறியது அதற்குப் பிறகுதான்.

ஆல்தோனா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஏறு. ரொட்டியை வெச்சுப் பாரு."

முதல் இரும்பில் ரொட்டி பத்தவில்லை. இரண்டாவது, மூன்றாவதிலும் அப்படியே. நான்காவதில் வைத்தான். நுனியும் நுனியும் ஒட்டி நின்றன. ஐந்திலும் ஆறிலும் அதேதான்.

தோபியாஷ் நாற்காலியிலிருந்து மெதுவாக இறங்கினான்.

"இந்த இரும்பு ஏறணும்னா அந்த அளவு பூட்ஸ் வேணும்," என்றாள் ஆல்தோனா. "அந்த அளவு பூட்ஸ் ஏறணும்னா விரல் இல்லாத கால் வேணும். இந்த கிளப்ல வலது கால் முழுசா, இடது கால் ரெண்டு விரல் அளவு கம்மியா எத்தனை பேர்?"

"ஒருத்தர்தான் பாஸ்." அவன் குரல் இறங்கியது. "ஊர் நடுவுல சுவர்ல இருக்காரு."

வெளியே ஒலிபெருக்கி சோதனை செய்யும் சத்தம் கேட்டது. ஸ்டாண்டுகள் நிறைய ஆரம்பித்துவிட்டன. ஆயிரக்கணக்கான வாய்கள் சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோல் துப்புகிற சத்தம் சேர்ந்து வந்தது. எல்லார் பையையும் பார்த்தார்கள் என்பது தோபியாஷுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பொருளைப் பறிகொடுத்தவரின் பையை யார் பார்க்கப் போகிறார்கள்?

*

செவெரின் உடை மாற்றும் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பந்தயத் தோல் உடை போட்டிருந்தார், காலில் சாதாரணக் கேன்வாஸ் ஷூ. ஓட்டாதவர் எதற்கு உடை போட்டார் என்று தோபியாஷுக்குப் புரியவில்லை. செவெரினுக்கும் தெரிந்த மாதிரி இல்லை.

ஆல்தோனா ரொட்டியை அவர் பக்கத்துப் பெஞ்சில் வைத்தாள். செவெரின் அதையே பார்த்தார்.

"எனக்குப் பசியில்ல," என்றார்.

"அது உங்க இடது கால்," என்றான் தோபியாஷ்.

செவெரின் குனிந்து, பெஞ்சுக்கு அடியிலிருந்து தன் ஹெல்மெட் பையை இழுத்து, ஜிப்பைத் திறந்தார். ஹெல்மெட்டுக்குள் இரும்பு இருந்தது. சிவப்பு மண் அதில் காய்ந்து ஒட்டியிருந்தது.

ஆல்தோனா தன் கணக்கைச் சொன்னாள். யாராவது பார்த்தாலும் சந்தேகம் வராமலிருக்க இரும்பைக் காலில் மாட்டிக்கொண்டு போனது நல்ல யோசனை, இரண்டு காலும் ஒரே அளவாக இருந்திருந்தால் அகப்பட்டிருக்க மாட்டீர்கள் என்றாள்.

"யோசனையா?" செவெரின் நிமிர்ந்தார். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். எடுத்துட்டு நேரா வீட்டுக்குப் போகத்தான் நினைச்சேன். கையில எடுத்ததும் கடைசியா ஒரு தடவை இதைப் போட்டுக்கிட்டுச் சுத்தி வரணும்னு தோணுச்சு. நடந்துதான். வேகமா இல்ல."

ஆல்தோனாவின் புருவம் லேசாக ஏறியது. ஆளைச் சரியாகப் பிடித்து, காரணத்தைத் தப்பாகப் பிடித்திருக்கிறாள். தோபியாஷ் அதைப் பின்னால் கிண்டல் பண்ண வைத்துக்கொண்டான்.

"முதல் வளைவுல நின்னிருக்கீங்க," என்றாள்.

"ஜூலையில வெளியூர் ரேஸ் ஒண்ணுல, அங்கயும் முதல் வளைவுலதான் விழுந்தேன். பின்னால வந்த சக்கரம் ஹெல்மெட்டைத் தடவிட்டுப் போச்சு. ஒண்ணும் ஆகல. எழுந்து அடுத்த ரேஸ் ஓட்டி ஜெயிக்கவும் செஞ்சேன்." அவர் வலது கையை விரித்துப் பார்த்தார். "அதுல இருந்து முதல் வளைவு வந்தா இந்தக் கை என் பேச்சைக் கேக்கறதில்ல. ஆக்ஸிலேட்டரை விட்டுடுது. ஸ்டார்ட்ல முந்திடறதால யாருக்கும் தெரியல. பயமா இருக்குன்னு யார்கிட்ட சொல்றது? ரொட்டிக் கடையில இன்னமும் என்கிட்ட காசு வாங்க மாட்டேங்கறாங்க. அந்தச் சுவர்ல இருக்கிறவன் பயப்படுவானா?"

"அதனால இரும்பு தொலையணும்."

"எதிரணிக்காரன் எவனோ எடுத்துட்டான்னு பேசுவாங்க, நாலு நாள்ல மறந்துடுவாங்கன்னு நினைச்சேன். பொகுஷ் அண்ணன் பேரு வரும்னு சத்தியமா நினைக்கல."

"காலையில வந்துச்சே. மத்தியானமும் வந்துச்சு."

செவெரின் தலையைக் குனிந்துகொண்டார். "வாய் வரல," என்றார். அவர் முகம் சிவந்து கண் நிறைந்துவிட்டது. வெட்கம்தான் அது. ஆறு பட்டம் வாங்கியவர் அப்படி வெட்கப்பட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க தோபியாஷுக்கு என்னவோ செய்தது. வாயில் வந்த ஜோக்கை விழுங்கிவிட்டான்.

ஆல்தோனா குரலை உயர்த்தவில்லை.

"சாவி ரெண்டே ரெண்டு, செவெரின். பூட்டு உடையல. தன் சாவி தன் கழுத்துல கிடக்கறப்ப, திறந்தது யாருன்னு அவருக்குக் காலையிலயே தெரியும். உங்க எஞ்சினைத் தினமும் கேக்கறவர். ஜூலையிலிருந்து அது எங்க அடங்குதுன்னும் தெரிஞ்சிருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவர் தப்பிச்சிருப்பார். நான் கேட்டதுக்குக் காது மந்தம்னு சொல்லிட்டார்."

வெளியே வாத்தியக் குழு முழங்க ஆரம்பித்தது. அணிவகுப்பு. தோபியாஷ் ஜன்னலுக்குப் போனான். பாதைக்கு அப்பால், பின் கேட்டருகே ஒரு போலீஸ் கார் நின்றது. அதன் பக்கத்தில் தலைவர் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே பொகுஷ், கையைத் துடைக்கிற துணி இன்னும் இடுப்பில் தொங்க, காருக்குள் குனிந்து ஏறப் போனார்.

"பாஸ், ஏத்தறாங்க."

செவெரின் எழுந்தார். இரும்பைக் காலில் மாட்டவில்லை, கையில் எடுத்துக்கொண்டார். கதவைத் தள்ளி, முற்றத்தைக் கடந்து, பாதை வாசலுக்கு வந்தார். மிரோன் மறுபடி சமப்படுத்தி வைத்திருந்த மண் ஈரமாக, ஒரு சுவடில்லாமல் கிடந்தது. ஓட்டத் திசையில் போனால் முழுச் சுற்று. அதற்குள் கார் போய்விடும்.

அவர் எதிர்த்திசையில் திரும்பி நடந்தார்.

முதலில் கவனித்தது முன்வரிசை. விதை கடிக்கிற சத்தம் அங்கே நின்றது. பிறகு அடுத்த வரிசையில், அப்புறம் அடுத்த ஸ்டாண்டில். வாத்தியக் குழுவில் டிரம்ஸ்காரர் மட்டும் கொஞ்ச நேரம் தனியாக அடித்துவிட்டு அவரும் நிறுத்தினார். மிரோன் தடுக்கப் போகிறவர் போல ஒரு அடி எடுத்து வைத்தார். செவெரினின் முகத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பாதி ஓட்டமாகத் தாங்கித் தாங்கி நடக்கிற அந்த நடையை ஊரே பார்த்தது.

ஆல்தோனாவும் தோபியாஷும் பின்னால் போனார்கள். ஓரமாகத்தான்.

"அவரை விடுங்க," என்றார் செவெரின், மூச்சு வாங்க. இரும்பை நீட்டினார். "எடுத்தது நான். எனக்குப் பயமா இருந்துச்சு, எடுத்துட்டேன். சொல்லவும் பயந்துட்டேன். இவர் ஒண்ணும் பண்ணல."

தலைவர் கவூஷா பாதையில் எதிர்த்திசையில் பதிந்திருந்த காலடிகளைப் பார்த்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து சீப்பை எடுத்து, நிதானமாகத் தலை சீவ ஆரம்பித்தார்.

போலீஸ்காரர் பொகுஷின் தோளிலிருந்து கையை எடுத்தார். பொகுஷ் செவெரினின் முகத்தைப் பார்க்கவில்லை. இரும்பை வாங்கிப் புரட்டினார்.

"மண்ணு காய்ஞ்சு ஒட்டியிருக்கு," என்றார். "துடைக்காம வெச்சிருக்கே, செவெக்."

"மன்னிச்சிடுங்கண்ணே."

"துருப்பிடிக்கும். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்." இடுப்புத் துணியை உருவி இரும்பைத் துடைத்தார். மூன்று கோட்டின் இடுக்கில் இருந்ததை நகத்தால் சுரண்டி எடுத்தார். "ஓட்டப் போறியா?"

"இல்லண்ணே. இனி இல்ல."

"சரி," என்றார் பொகுஷ். இரும்பைத் தன் சட்டைக்குள் சொருகிக்கொண்டார். "வர்றப்ப வந்த வழி சரியில்ல. ஒரு முழுச் சுத்து ஒழுங்கா சுத்திட்டுப் போவோம், வா."

இருவரும் ஓட்டத் திசையில் நடக்க ஆரம்பித்தார்கள், முற்றத்து வாசல் வந்தும் உள்ளே திரும்பாமல் தாண்டிப் போனார்கள். நடுவர் கடிகாரத்தைக் காட்டி ஏதோ கத்தினார், அது யார் காதிலும் விழவில்லை. முழுச் சுற்றும் நடக்கப் போகிறார்கள் என்பது தெரிந்ததும் ஸ்டாண்டில் ஒரு ஆள் எழுந்து நின்றார். அப்புறம் பக்கத்தில் இருந்தவர்கள். கைதட்டல் இல்லை, கூச்சல் இல்லை. மடியில் இருந்த விதைத் தோல் கொட்டுகிற சத்தம் மட்டும் வரிசை வரிசையாகக் கேட்டது.

"பாஸ்," என்றான் தோபியாஷ் தாழ்ந்த குரலில். ரொட்டியை அவன் பெஞ்சில் விட்டு வரவில்லை. "வாக்குமூலம் கிடைச்சாச்சே. சாட்சி இனி வேணுமா?"

"வேண்டாம். சாப்பிடு."

அவன் கடித்தான். ஆறிப்போய்ப் பலகை மாதிரி இருந்தது. பசித்தவனுக்கு அதுவே போதும் என்று இரண்டாவது கடி கடிக்கும்போதுதான், முதல் வளைவு தொடங்குகிற இடத்தில் அவர்கள் நின்றுவிட்டதைப் பார்த்தான். நேற்று நின்ற அதே இடம். செவெரின் அசையவில்லை. பொகுஷ் அவரை இழுக்கவில்லை. பக்கத்தில் காத்து நின்றார்.

பிறகு செவெரின் வலது கையை நீட்டி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இருவருமாக வளைவுக்குள் நடந்தார்கள்.